ஒட்டாத இலையும் வாடாத இலையும்

நான் கற்பிப்பது இயற்பியல். செடி கொடிகளைப் பற்றி எழுத உனக்கு என்ன உரிமை என்று தாவரவியல் ஆசிரியர்கள் கேட்கலாம். கேட்கட்டும். இந்தக் கட்டுரை பிறந்ததே நான் வகுப்பில் துணிந்து சொன்ன ஒரு தவற்றால்தான்.

பொன்னேரியில் நான் பணிபுரியும் கல்லூரிக்குப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பல மாணவர்கள் பேருந்தில் வருகிறார்கள். ஒரு மழைக்காலக் காலையில் பரப்பு இழுவிசை பற்றிய பாடம். வாய்க்கால் ஓரத்தில் பறித்த சேம்பு இலை ஒன்றைக் கொண்டுபோய், அதன்மேல் நீர் தெளித்துக் காட்டினேன். துளிகள் முத்துக்களாகத் திரண்டு ஓடின. "இலையின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதனால்தான் நீர் ஒட்டவில்லை. இதே பூச்சுதான் இலைக்குள் இருக்கும் நீர் வெளியேறாமலும் காக்கிறது. ஆகவே எந்த இலையில் நீர் ஒட்டவில்லையோ அந்த இலைதான் தன் நீரையும் நன்றாகக் காத்துக்கொள்ளும்" என்றேன். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, பாருங்கள்!

கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், நீங்கள் கொண்டுவந்த சேம்பு இலை இப்போதே துவண்டுவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் முந்தாநாள் கட்டிய மாவிலைத் தோரணம் இன்னும் விறைப்பாக இருக்கிறது. ஆனால் மாவிலையில் தண்ணீர் ஒட்டுமே, சார்?"

மேசைமேல் கிடந்த சேம்பு இலையைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அது நனைந்த துணிபோலத் தொங்கிக் கொண்டிருந்தது. நீரை ஒட்டவிடாத இலை வாடுகிறது. நீரை ஒட்டவிடும் இலை வாடாமல் இருக்கிறது. என் ஒழுங்கான வாக்கியத்துக்கு என்ன பொருள்? அந்த வகுப்பில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த சில வாரங்கள் நானும் மாணவர்கள் சிலரும் செய்து பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இவற்றுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண்மருந்து தீர்ந்துபோன ஒரு குப்பி (நன்றாகக் கழுவியது), ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கைவிளக்கு, கொஞ்சம் வாசலின், தென்னை ஈர்க்கு, நூல் ஆகியவை போதும்.

மெழுகு மட்டும் போதுமா?

முதலில் இலைகளைத் திரட்டுங்கள். சேம்பு, தாமரை, வாழை, மா, பூவரசு, வேம்பு, நெல் என்று உங்கள் ஊரில் கிடைப்பவை எல்லாம் இருக்கட்டும். எருக்கிலையும் நல்லதுதான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு செய்யும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பறியுங்கள், பறித்ததும் கை கழுவுங்கள். ஒவ்வோர் இலையின் மேலும் ஒரு சிறு துளி விடுங்கள். பிறகு இலையை மெல்லச் சாயுங்கள்.

சேம்பிலும் தாமரையிலும் துளி ஏறத்தாழக் கோளம். சற்றுச் சாய்த்தாலே ஓடிவிடும். நெல் இலையிலும் அப்படித்தான். மாவிலையில் துளி கவிழ்த்துவைத்த கிண்ணம்போல் உட்கார்ந்திருக்கும். சாய்த்தாலும் எளிதில் நகராது.

"எப்படி உட்கார்ந்திருக்கிறது" என்பதைச் சொல்லால் விவரிப்பதோடு இயற்பியல் நிறைவடைவதில்லை, அளக்க வேண்டும். துளியின் விளிம்பு இலையைத் தொடும் இடத்தில், நீருக்கு உள்ளே, இலைக்கும் துளியின் பரப்புக்கும் இடையில் உள்ள கோணமே சேர்கோணம். இதை 1805ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியவர் தாமஸ் யங். ஒளி ஓர் அலை என்று காட்டிய அதே யங்தான். கோணமானி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். இருட்டறையில் துளிக்குப் பின்னால் கைவிளக்கை வைத்து, துளியின் நிழலைச் சுவரில் அல்லது தாளில் விழச் செய்யுங்கள். நிழலின் உயரத்தையும், அது இலையைத் தொடும் இடத்தின் அகலத்தையும் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தால் வகுத்தால் கிடைப்பது சேர்கோணத்தில் பாதியின் டேஞ்சன்ட். உயரம் 3 செ.மீ., அகலம் 6 செ.மீ. என்றால் டேஞ்சன்ட் 1. பாதிக் கோணம் 45 பாகை. சேர்கோணம் 90 பாகை. நிழல் எத்தனை மடங்கு பெரிதானாலும் விகிதம் மாறாது என்பதால் உருப்பெருக்கம் பற்றிக் கவலை வேண்டாம்.

இதில் இரண்டு இடங்களில் நாங்கள் ஏமாந்தோம். துளி பெரிதாக இருந்தால் தன் எடையாலேயே தட்டையாகிவிடுகிறது. அப்போது இந்தச் சூத்திரம் பொருந்தாது. குறுக்களவு 2 மி.மீ. அளவிலேயே துளியை நிறுத்துங்கள். இரண்டாவது, சேம்பு இலையில் துளியின் வயிறு அகலமாகவும் பாதம் குறுகலாகவும் இருக்கும். அளக்க வேண்டியது பாதத்தை, வயிற்றை அன்று.

இப்போது மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழவழப்பான பக்கத்தில் ஒரு துளி வையுங்கள். கலப்பில்லாத மெழுகு! இலையை விட இங்கேதான் துளி நன்றாக உருள வேண்டும், இல்லையா? அப்படி நடப்பதில்லை. சேர்கோணம் 105 அல்லது 110 பாகை அளவில் நின்றுவிடுகிறது. மெழுகுவர்த்தியைச் சாய்த்தாலும் சிறு துளி ஒட்டிக்கொண்டே இருக்கும். தாமரை இலையிலோ அந்தக் கோணம் 160 பாகையை நெருங்கும். மெழுகால் மட்டும் ஆகாத ஒன்றை அந்த இலை செய்திருக்கிறது.

அது என்ன என்பதற்குத் துப்பு கொடுப்பது ஒரு கரண்டி. எரியும் மெழுகுவர்த்திச் சுடருக்குள் எவர்சில்வர் கரண்டியின் முதுகைக் காட்டுங்கள் (கைப்பிடியைத் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள்). கரி நன்றாகப் படிந்ததும் ஆறவிட்டு, அதன்மேல் ஒரு துளி விடுங்கள். சேம்பு இலையில் ஓடியதுபோலவே ஓடும். கரிப்படிவு பார்வைக்குத்தான் மென்மை. உண்மையில் அது நுண்ணிய துகள்கள் குவிந்த கரடுமுரடான பரப்பு. நீருக்குப் பிடிக்காத பொருளாக இருப்பதோடு, பரப்பு மிக நுண்ணிய அளவில் கரடுமுரடாகவும் இருந்தால், நீர் மேடுகளின் நுனிகளை மட்டுமே தொடுகிறது. பள்ளங்களில் காற்று நிற்கிறது. துளியின் பாதத்துக்குக் கீழே பெரும்பகுதி காற்று! காற்றோடு ஒட்டிக்கொள்ள நீருக்கு வழியில்லை.

இந்தக் கணக்கை 1944இல் காசி, பாக்ஸ்டர் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். அவர்கள் நினைத்தது தாமரையை அல்ல; நீர் புகாத துணியை. வாத்தின் இறகு நனையாமல் இருப்பதையும் அவர்கள் அதே கணக்கால் விளக்கினார்கள். குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வலசை வரும் ஊசிவால் வாத்துகள் நாள் முழுதும் நீரில் மிதந்துவிட்டு உலர்ந்த உடம்போடு பறந்து போவதற்கும் இதுவே காரணம்.

தாமரை இலையின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், தோல் செல் ஒவ்வொன்றும் ஒரு சிறு குமிழ்போல் புடைத்து நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள குமிழ் அது. அந்தக் குமிழின்மேல் அதைவிடப் பன்மடங்கு சிறிய மெழுகுக் குழாய்கள் கலைந்த வைக்கோல்போல் அடர்ந்திருக்கின்றன. 29 கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த ஆல்கஹால் வகைகளே அந்த மெழுகின் முக்கியப் பகுதி. கடையில் வாங்கும் மெழுகுவர்த்தியின் பாரஃபினும் ஏறத்தாழ இதே நீளமுள்ள சங்கிலிகளின் கலவைதான். தோல் செல்கள் மெழுகை உண்டாக்கி வெளியே அனுப்புகின்றன. அது மேற்பரப்புக்கு வந்து தானாகவே படிகமாகிக் குழாயாக நிற்கிறது. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட், நைன்ஹூயிஸ் என்பவருடன் சேர்ந்து 1997இல் இதை விரிவாக வெளியிட்டார். ஓடும் துளி தூசியையும் பூஞ்சை வித்துகளையும் வாரிக்கொண்டு போகிறது, அதனால் இலை தானே தூய்மையாகிறது என்பது அவர்கள் காட்டியது. இதைப் பின்பற்றிச் சுவர்ப்பூச்சுகூடச் செய்து விற்கிறார்கள். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று காலம் காலமாகச் சொல்லி வரும் நாம், அந்த இலையை நுண்ணோக்கியின் கீழ் வைக்காமல் போய்விட்டோமே என்று எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு.

வெள்ளி இலை

காற்று உண்மையில் அங்கே இருக்கிறதா? கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, சேம்பு இலைத் துண்டு ஒன்றை அதில் மூழ்கச் செய்யுங்கள். சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பச்சை மறைந்து இலை வெள்ளித் தகடுபோல் மின்னும்! வெளியே எடுத்தால் ஒரு சொட்டு ஈரமும் இராது. கரி படிந்த கரண்டியும் நீருக்குள் வெள்ளிக் கரண்டியாகிவிடும்.

நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளி 49 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் வந்தால் வெளியேற முடியாமல் முழுவதும் திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இலைக்கும் நீருக்கும் இடையில் மெல்லிய காற்றுப் படலம் இருப்பதால்தான் இந்த வெள்ளி. மாவிலையை மூழ்க வைத்தால் பச்சையாகவே இருக்கும். இனி ஒரு புதிர்: சேம்பு இலைத் துண்டை நீருக்குள் முற்றிலும் கிடையாகப் பிடித்து, நேர் மேலே இருந்து பாருங்கள். வெள்ளி தெரியாது. நீரின் மேற்பரப்பு வழியே நுழையும் ஒளிக்கதிர் உள்ளே எவ்வளவு சாய முடியும் என்று வரைந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

இப்போது அந்த இலையில் ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேயுங்கள். அல்லது செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுங்கள். மெழுகுத் துகள்கள் டேப்போடு வந்துவிடும். அந்த இடத்தில் துளி விட்டால் ஓடாது; ஒட்டிக்கொள்ளும். நீரில் மூழ்கவைத்தால் வெள்ளித் தகட்டில் உங்கள் விரலடையாளம் பச்சையாகத் தெரியும். வாழை இலையின் அடிப்பக்கத்தில் வெண்பொடி பூசியதுபோல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டுச்சோற்றுக்கு இலை வாட்டும்போது அம்மாவிடம் கேட்டு, வாட்டிய இலையையும் வாட்டாத இலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தணலின் சூட்டில் பொடி உருகி வழவழப்பாகி, இலை பளபளக்கத் தொடங்கும். மெழுகு எங்கும் போய்விடவில்லை, கரடுமுரடு போய்விட்டது. துளி என்ன செய்கிறது என்று நீங்களே பாருங்கள்.

சோப்பும் இதே வேலையை வேறு வழியில் செய்யும். நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுவதால், உருண்டிருந்த துளி இலைமேல் சரிந்து பரவுகிறது. நெற்பயிருக்கு மருந்து தெளிக்கும் உழவர்கள் ஒட்டும் திரவம் ஒன்றைக் கலப்பது இதற்காகத்தான். அது இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய மருந்து உருண்டு வயலின் நீரில் விழுந்துவிடும். ஒரு சிறு எச்சரிக்கை: பழவேற்காட்டிலிருந்து வந்த ஒரு மாணவன் ஏரி நீரிலேயே சோப்பைக் கரைத்துப் பார்த்து, துளி பரவவில்லை என்றான். உவர்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்துப் படிய வைத்துவிடுகின்றன. அங்கே ஷாம்புதான் சரி.

ஈர்க்குத் தராசு

இவ்வளவும் நீர் வெளியிலிருந்து வருவதைப் பற்றி. மாணவியின் கேள்வி உள்ளிருந்து வெளியேறும் நீரைப் பற்றியது.

முதலில் ஓர் ஐயம். மாவிலை விறைப்பாக இருப்பதால் அது நீரை இழக்கவில்லை என்று சொல்லலாமா? கூடாது. மாவிலையில் நார் மிகுதி. பாதி நீரை இழந்தாலும் தொங்காமல் நிற்கக்கூடும். கண் ஏமாற்றும், எடை ஏமாற்றாது.

தராசு இல்லையென்று தயங்க வேண்டாம். ஓர் ஈர்க்கின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே மரத்தில், ஒரே வயதுள்ள, ஏறத்தாழ ஒரே அளவுள்ள நான்கு மாவிலைகளைப் பறித்து, காம்பின் வெட்டுவாயை உருகிய மெழுகால் அடைத்துவிடுங்கள். முதல் இலைக்கு ஒன்றும் பூச வேண்டாம். இரண்டாவதன் மேற்புறத்தில் வாசலின் பூசுங்கள். மூன்றாவதன் அடிப்புறத்தில் பூசுங்கள். நான்காவதற்கு இருபுறமும். பழைய தாவரவியல் பாடநூல்களில் வரும் நான்கு இலைச் சோதனைதான் இது. ஆனால் பாடநூல் கேட்காத ஒரு கேள்வியை இதனிடம் கேட்கப்போகிறோம். பூசியபின், ஓர் ஈர்க்கின் இரு முனைகளிலும் முதல் இலையையும் இரண்டாம் இலையையும் தொங்கவிட்டு, நூலை நகர்த்திச் சமன் செய்யுங்கள். அதே மரத்து வேறோர் இலை ஒன்றும் பூசாமல் ஒருபுறமும், அடிப்புறம் பூசிய மூன்றாம் இலை மறுபுறமுமாக இன்னோர் ஈர்க்கு. காற்றடிக்காத நிழலில் ஒரு நாள் விட்டுவையுங்கள்.

இரண்டாவது தராசு தெளிவாகச் சாயும். ஒன்றும் பூசாத இலை இலேசாகி மேலே போயிருக்கும். அடிப்புறம் பூசிய இலை நீரைக் காத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். மாவிலையின் இலைத்துளைகள் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. வாசலின் அவற்றை அடைத்துவிட்டது. இது பாடநூலில் உள்ளதுதான்.

முதல் தராசைப் பாருங்கள். அது சாயவில்லை, அல்லது மிகச் சிறிதே சாய்ந்திருக்கும். மேற்புறம் முழுவதும் வாசலின் அப்பியும் இலைக்குக் கிடைத்த இலாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை! ஏன்? "மேற்புறத்தில் இலைத்துளை இல்லை" என்று விடை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த விடை பாதிதான். இலைத்துளை இல்லாவிட்டாலும், தோல் செல்கள் நிறைய நீர் இருக்கிறது. ஈரத்துணி காய்வதுபோல் அது காய்ந்திருக்க வேண்டுமே? உருளைக்கிழங்கை மெல்லிதாக அரிந்து அதே நிழலில் வைத்துப் பாருங்கள், அதற்கும் இலைத்துளை கிடையாது, மாலைக்குள் சுருண்டுவிடும். மாவிலையின் மேற்புறம் காயாமல் இருப்பதற்குக் காரணம், நாம் வாசலின் பூசுவதற்கு முன்பே மரம் தன் பூச்சைப் பூசிவிட்டது என்பதே. அதன்மேல் நாம் பூசியது கூடைக்குள் கூடை.

அந்தப் பூச்சின் பெயர் கியூட்டிக்கிள். கியூட்டின் என்ற பொருள் வலைபோல் பின்னியிருக்க, அதன் கண்களில் மெழுகு செறிந்திருக்கும். பல இலைகளில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு சில பங்குதான். உங்கள் தலைமயிர் இதைவிடப் பலமடங்கு தடிமன். சேம்பில் நீங்கள் விரலால் தேய்த்தெடுத்த பொடி இந்தப் படலத்துக்கு மேலே நிற்கும் மெழுகு. நீரை உள்ளே நிறுத்தும் மெழுகு படலத்துக்கு உள்ளே புதைந்த மெழுகு. இரண்டும் மெழுகுதான். வேலை வேறு. நான் வகுப்பில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் என் தவறு.

இதை இன்னும் கூர்மையாகச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். 1976இல் ஷோன்ஹெர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, ஆரஞ்சு இனத்து இலையின் கியூட்டிக்கிளைத் தனியே பிரித்தெடுத்து, கரைப்பானால் அதன் மெழுகு முழுவதையும் கரைத்து நீக்கினார். வலை அப்படியே இருந்தது; ஆனால் நீர் கசியும் வேகம் சில நூறு மடங்கு கூடிவிட்டது. (குளோரோஃபாம் போன்ற கரைப்பான்களோடு நீங்கள் விளையாட வேண்டாம்.) அடுத்து, பார்த்லாட் பணிபுரிந்த அதே பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ட்சைஸ்லர், ஷ்ரைபர் என்ற இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. செர்ரி லாரல் என்ற பளபளப்பான இலையின் மேல் கொலோடியன் என்ற பசையைப் பூசி, காய்ந்ததும் உரித்தார்கள். வெளி மெழுகு மட்டும் பசையோடு வந்துவிட்டது. நாம் செல்லோடேப்பால் செய்ததன் நுட்பமான வடிவம் அது. நீர் கசியும் வேகத்தில் மாற்றம் இல்லை! எல்லாச் செடிகளிலும் இதே முடிவு வருவதில்லை. சிலவற்றில் வெளி மெழுகுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. திராட்சையில், பழத்தின்மேல் சாம்பல்போல் படிந்த பூச்சைக் குலைத்தால் பழம் விரைவில் உலர்கிறது. மகாராஷ்டிரத்தில் சாங்கலி மாவட்டத்துத் தாஸ்காவ் பகுதியில் உலர்திராட்சை செய்பவர்கள், பொட்டாசியம் கார்பனேட்டும் எதில் ஓலியேட் என்ற எண்ணெயும் கலந்த நீரில் பழங்களை முக்கி எடுப்பது இதற்காகத்தான். பழத்தின் மெழுகை அது குலைத்துவிடுவதால், உலரும் காலம் வெகுவாகக் குறைகிறது.

ஏரிக்கரையில்

சேம்பு ஏன் வாடியது என்பதற்கு இப்போது வருவோம். அது ஈர நிலத்துச் செடி. வேரடியில் எப்போதும் நீர்; இழந்ததை உடனே எடுத்துக்கொள்ளும். நீரை இறுக்கிப் பிடித்துவைக்க வேண்டிய தேவை அதற்குக் குறைவு. இலைமேல் நீர் தேங்கி நிற்பதுதான் அதற்குத் தொல்லை. தாமரைக்கு இந்தத் தொல்லை இன்னும் பெரிது; அதன் இலைத்துளைகள் மேற்புறத்தில் இருக்கின்றன. அங்கே நீர் பரவி நின்றால் மூச்சுவிட வழி இராது. நீரை உருட்டித் தள்ளும் பொடி அவற்றுக்கு வேண்டும். பறித்து வகுப்புக்குக் கொண்டுபோகும் ஓர் ஆசிரியரை அவை எதிர்பார்க்கவில்லை.

மாமரத்தின் நிலை வேறு. அது மழையில்லாத மாதங்களைத் தாங்க வேண்டும்.

பழவேற்காட்டுக் கரையில் நிற்கும் செடிகளின் நிலை அதைவிடக் கடினம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது ஏரி இளகுகிறது. கோடையில் ஆறு வறண்டு, முகத்துவாரம் மணலால் அடைபடும்போது, ஏரியின் சில பகுதிகள் கடலைவிட உப்பாகிவிடுகின்றன. கரையில் உமிரி வேர்விட்டு நிற்கும் சேற்றில் நீர் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துளியையும் உப்போடு போராடித்தான் வேர் உள்ளே எடுக்க வேண்டும். அப்படிப் பெற்ற நீரை இலை வழியே சும்மா விட்டுவிடக் கட்டுப்படியாகாது. தாகத்துக்கு நீரின்றிக் கடலில் தவிக்கும் படகோட்டியின் நிலைதான் அதற்கும்.

அந்த ஊரில் இன்னொன்றையும் பார்த்தேன். பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். வெட்டிக் காயவைத்த ஓலை. அதில் உயிர் இல்லை. ஆயினும் ஒரு துளி நீர் விட்டால் உடனே உறிஞ்சிக்கொள்வதில்லை. பரப்பில் தங்கி நிற்கிறது. அதே துளியைச் செய்தித்தாளில் விட்டால் நொடியில் மறைந்துவிடும். இரண்டும் தாவரப் பொருள்தான். கியூட்டிக்கிள் உயிருள்ள பொருள் அல்ல. செல்கள் செத்தபிறகும் அது தன் வேலையை நிறுத்துவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்த இலைகளிலிருந்துகூட அந்தப் படலத்தை உரித்தெடுத்து, இலைத்துளைகளை எண்ணுகிறார்கள் புதைபடிவ ஆய்வாளர்கள். ஓலைக் கூரை மழையைத் தாங்கியதில் இந்தப் படலத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்த வாரம் வகுப்பில் என் வாக்கியத்தைத் திருத்திச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவியிடம் ஈர்க்குத் தராசுகளைக் காட்டினேன். அவள் முதல் தராசை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேம்பு இலையைத் தேய்த்தால் பொடி போய்விடுகிறது, சரி. தேய்த்த இலை செடியிலேயே இருந்தால் மறுபடி பொடி வருமா, சார்?" என்றாள்.

இந்தமுறை நான் உடனே பதில் சொல்லவில்லை. செய்து பார்க்கச் சொன்னேன். இளம் இலைகளில் மெழுகு மீண்டும் முளைக்கும் செடிகள் பல உண்டு என்று நூல்கள் கூறுகின்றன. முற்றிய இலைகளில் அது குறைவு. உங்கள் வாய்க்கால் ஓரத்துச் சேம்பில், விரிந்து ஓரிரு நாளே ஆன இலை ஒன்றையும் முற்றிய இலை ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் ஐந்து ரூபாய் நாணய அளவுள்ள ஓரிடத்தைப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தினமும் காலையில், பனி காய்ந்தபின், தேய்த்த இடத்தில் ஒரு துளி விட்டு இலையைச் சாயுங்கள். எந்த நாளில் துளி மீண்டும் ஓடத் தொடங்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மழை பெய்த நாள்களையும் சேர்த்து எழுதத் தவறாதீர்கள்.